‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘கேன்’: செயப்பாட்டுவினை வாக்கியத்தில் வினையடைக்கு எது இடம்?

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழுது அறிக்கை, வேலைக் குறிப்பு, மின்னஞ்சல் எல்லாமே ஆங்கிலத்தில்தான். ‘ஷுட்’, ‘மஸ்ட்’ போன்ற மோடல் வினைக்குப் பின் ‘பி’, அதற்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் என்று பள்ளியில் படித்தது நினைவில் இருக்கிறது. அப்படியும் என் வாக்கியங்கள் திருத்தப்பட்டே திரும்பி வருகின்றன. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. நான்கை மட்டும் அனுப்புகிறேன்.

‘தி ஃபில்டர் ஷுட் பி டெய்லி க்ளீன்ட்.’
‘தி பெல்ட் மஸ்ட் ஹேவ் பீன் ரீப்ளேஸ்ட் லாஸ்ட் வீக்.’
‘தி ஒர்க் வில் கம்ப்ளீட் டுமாரோ.’
‘திஸ் வால்வ் ஒன்லி கேன் பி ஓப்பன்ட் பை தி சூப்பர்வைசர்.’

இரண்டாவது வாக்கியத்தில், பெல்ட்டைப் போன வாரமே மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை என்று சொல்ல வந்தேன். மாற்றியாகிவிட்டது என்று மேலாளர் எடுத்துக்கொண்டார். ‘ஈஸிலி’, ‘ஆல்வேஸ்’, ‘ப்ராப்பர்லி’ போன்ற வினையடைகளை எங்கே வைப்பது என்பதிலும் எனக்குக் குழப்பம். வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். உங்கள் நான்கு வாக்கியங்களில் உடனே சரிசெய்ய வேண்டியது இரண்டாவது. மற்றவற்றில் பிசகு இருந்தாலும் படிப்பவர் ஓரளவு ஊகித்துக்கொள்வார். இரண்டாவது வாக்கியமோ இலக்கணப்படி முழுக்கச் சரியானது, ஆனால் நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிரான செய்தியைச் சொல்கிறது. உங்கள் மேலாளர் தவறாகப் படிக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பொருள்.

பிசகு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ‘பெல்ட் மாற்றப்பட்டிருக்க வேண்டும்’ என்று தமிழில் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. புது பெல்ட் பளபளவென்று ஓடுவதைப் பார்த்து, ‘யாரோ மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது’ என்று ஊகிப்பது ஒன்று. ‘மாற்றியிருக்க வேண்டிய வேலை, நடக்கவில்லை’ என்று குறை சொல்வது இன்னொன்று. தமிழில் சொல்லும் தொனியும் சூழலும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் பீன்’. நடக்காமல் போன கடமைக்கு ‘ஷுட் ஹேவ் பீன்’. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது: ‘தி பெல்ட் ஷுட் ஹேவ் பீன் ரீப்ளேஸ்ட் லாஸ்ட் வீக்.’

இதிலும் ஒரு சிறு சந்தேகம் மிஞ்சும். ‘தி பார்சல் ஷுட் ஹேவ் பீன் டெலிவர்ட் பை நவ்’ என்றால், ‘இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்’ என்ற எதிர்பார்ப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் இது இடைஞ்சல் இல்லை. பராமரிப்பு அறிக்கையில் ஊகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. அதனால் பின்னால் ‘பட் இட் வாஸ் நாட்’ என்று நான்கு சொல் சேர்த்துவிடுங்கள். அல்லது ‘வாஸ் சப்போஸ்ட் டு பி ரீப்ளேஸ்ட் லாஸ்ட் வீக், பட் வாஸ் நாட்’ என்று எழுதுங்கள். இதில் வேறு பொருளுக்கு வழியே இல்லை.

மாற்ற வேண்டிய கட்டாயம் இருந்தது, மாற்றியும் விட்டோம் என்று சொல்ல வேண்டுமானால்? அங்கேயும் ‘மஸ்ட்’ உதவாது. ‘மஸ்ட்’டுக்குக் கடமைப் பொருளில் இறந்தகால வடிவம் கிடையாது. ‘ஹேட் டு பி’ என்பதைத்தான் எடுக்க வேண்டும்: ‘தி பெல்ட் ஹேட் டு பி ரீப்ளேஸ்ட் லாஸ்ட் வீக்.’

‘-லாம்’ என்று முடியும் வினைகளிலும் இதே வகைச் சிக்கல் இருக்கிறது. ‘தவிர்த்திருக்கலாம்’ என்றால் வழி இருந்தது, ஆனால் செய்யவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் ‘குட் ஹேவ் பீன் அவாய்டட்’. ‘யாராவது திறந்திருக்கலாம்’ என்றால் தெரியவில்லை, ஒருவேளை இருக்கும் என்று பொருள். அதற்கு ‘மே ஹேவ் பீன் ஓப்பன்ட்’ அல்லது ‘மைட் ஹேவ் பீன் ஓப்பன்ட்’. ‘குட் ஹேவ் பீன்’ என்பதையும் ‘ஒருவேளை’ என்ற பொருளில் எழுதுவார்கள். ஆனால் பழுதின் காரணத்தை ஆராயும் அறிக்கையில் அப்படி எழுத வேண்டாம் என்பேன். படிப்பவர் ‘தடுத்திருக்கலாமே, ஏன் தடுக்கவில்லை’ என்ற குற்றச்சாட்டாக அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காரணம் உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘மே ஹேவ் பீன்’ என்பதே பாதுகாப்பு.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘மஸ்ட் நாட் பி ஓப்பன்ட்’ என்றால் திறக்கவே கூடாது. ‘நீட் நாட் பி ஓப்பன்ட்’ என்றால் திறக்க வேண்டியதில்லை, திறந்தாலும் குற்றமில்லை. ‘டஸ் நாட் ஹேவ் டு பி ஓப்பன்ட்’ என்பதும் இதே பொருள்தான். ‘வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட்’ என்று மனதில் பதிந்திருப்பதால், ‘வேண்டியதில்லை’ என்பதற்கு ‘மஸ்ட் நாட்’ என்று கை தானாகப் போய்விடும். ‘தி கவர் மஸ்ட் நாட் பி ரிமூவ்ட்’ என்று எழுதினால், மூடியைக் கழற்றத் தேவையில்லை என்று சொல்ல வந்த நீங்கள் கழற்றுவதையே தடை செய்துவிடுகிறீர்கள். நடந்துபோன செயலைப் பற்றி, ‘அப்படி இருந்திருக்க வாய்ப்பே இல்லை’ என்று சொல்ல ‘கான்ட் ஹேவ் பீன்’. ‘திறந்திருக்கக் கூடாது, திறந்துவிட்டார்கள்’ என்பதற்கு ‘ஷுட் நாட் ஹேவ் பீன் ஓப்பன்ட்’.

இனி வினைத்தொடரின் அமைப்பு. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்த தமிழிலேயே இருக்கிறது. ‘செய்யப்பட்டிருக்க வேண்டும்’ என்பதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: செய்ய, பட்டு, இருக்க, வேண்டும். இதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படியுங்கள். வேண்டும் என்ற இடத்தில் ‘மஸ்ட்’ அல்லது ‘ஷுட்’, இருக்க என்ற இடத்தில் ‘ஹேவ்’, பட்டு என்ற இடத்தில் ‘பீன்’, செய்ய என்ற இடத்தில் ‘டன்’. ‘ஷுட் ஹேவ் பீன் டன்.’ ஒரு துண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘செய்யப்பட வேண்டும்’ என்பதில் ‘இருக்க’ இல்லை, அதனால் ஆங்கிலத்திலும் ‘ஹேவ்’ இல்லை: ‘மஸ்ட் பி டன்.’ ‘செய்யப்படலாம்’ என்றால் ‘மே பி டன்’. சந்தேகம் வரும்போதெல்லாம் தமிழ் வினையைப் பிரித்து, பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். துண்டுகளின் வரிசை தவறாது.

வரிசை அமைந்த பின் ஒவ்வொரு துண்டும் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை அதற்கு முன்னால் நிற்கும் துண்டு தீர்மானிக்கிறது. மோடல் வினைக்குப் பின் வருவது எப்போதும் மூல வடிவம்: ‘பி’ அல்லது ‘ஹேவ்’. ‘ஹேவ்’வுக்குப் பின் வருவது மூன்றாம் வடிவம், அதனால்தான் அங்கே ‘பி’ என்பது ‘பீன்’ ஆகிறது. ‘பி’க்கோ ‘பீன்’னுக்கோ பின் வரும் முதன்மை வினையும் மூன்றாம் வடிவம்: ‘ரிட்டன்’, ‘டேக்கன்’, ‘ப்ரோக்கன்’. வழக்கமாக நேரும் பிழைகள் எல்லாம் இந்தக் கட்டுப்பாட்டை மீறுவதால் வருபவை. ‘மஸ்ட் டு பி டன்’ தவறு, ‘மஸ்ட்’டுக்குப் பின் ‘டு’ வராது. ‘கேன் பி ரைட்’ தவறு, ‘ரிட்டன்’ வேண்டும். ‘ஷுட் பி ரோட்’ என்று இரண்டாம் வடிவத்தை எழுதுவதும் தவறு. ‘ஷுட் பீன் டன்’ என்பதில் ‘ஹேவ்’ விட்டுப்போய்விட்டது. ‘ஷுட் ஆஃப் பீன்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து அப்படிக் கேட்பதால் வரும் பிழை அது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்வது. ‘ஆட் டு பி’, ‘ஹேவ் டு பி’ போன்றவற்றில் மட்டும் ‘டு’ அந்தத் தொடரின் உறுப்பாகவே இருக்கிறது, அதை நீக்கக் கூடாது.

வினையடைக்கு வருவோம், நீங்கள் குழம்பும் இடம் இதுதான். தமிழில் வினையடையை வினைக்கு முன்னால் எங்கே வைத்தாலும் பொருந்தும். ‘தினமும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும்’, ‘வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்’, இரண்டும் சரி. அந்தப் பழக்கத்தில் நீங்கள் ‘டெய்லி’யை ‘க்ளீன்ட்’டுக்கு ஒட்டி முன்னால் வைத்துவிட்டீர்கள். ஆங்கிலத்தில் மோடல் கலந்த செயப்பாட்டுவினைத் தொடரில் வினையடைக்கு முக்கியமாக மூன்று இடங்கள் இருக்கின்றன. எந்த இடம் என்பது அந்த வினையடை எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பொறுத்தது.

மோடல் வினையை ஒட்டி அடுத்தாற்போல் வருவது முதல் இடம். செய்தி முழுவதையும் தழுவி நிற்கும் சொற்களுக்கு உரியது: எவ்வளவு உறுதி, எத்தனை முறை, இன்னுமா, ஏற்கெனவேயா என்பவை. ‘ப்ராபப்ளி’, ‘சர்டன்லி’, ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘யூஷுவலி’, ‘ஸ்டில்’, ‘ஆல்ரெடி’, ‘ஆல்ஸோ’ எல்லாம் இங்கே. ‘தி டோர் மஸ்ட் ஆல்வேஸ் பி லாக்ட்.’ ‘தி கவர் ஷுட் நெவர் பி ரிமூவ்ட்.’ ‘தி டெலிவரி வில் ப்ராபப்ளி பி டிலேட்.’ ‘நாட்’ என்ற சொல்லுக்கும் இதே இடம்தான். ‘மஸ்ட் பி ஆல்வேஸ் லாக்ட்’ என்று எழுதினால் புரியாமல் போகாது, ஆனால் படிப்பவர் காதில் இடறும்.

மூன்றாம் வடிவ வினைக்கு நேர் முன்னால் இருப்பது இரண்டாம் இடம். செயலை எப்படிச் செய்வது, எந்த அளவுக்குச் செய்வது என்று சொல்லும் சொற்களுக்கு உரியது. ‘தி வால்வ் மஸ்ட் பி கேர்ஃபுலி க்ளோஸ்ட்.’ ‘தி மோட்டார் ஷுட் ஹேவ் பீன் ப்ராப்பர்லி டெஸ்டட்.’ ‘தி டேங்க் மஸ்ட் பி கம்ப்ளீட்லி எம்ப்டீட்.’ இரண்டாவது உதாரணத்தில் ‘ஷுட்’, ‘ஹேவ்’, ‘பீன்’ மூன்றும் முடிந்த பிறகுதான் ‘ப்ராப்பர்லி’ வருகிறது. ‘ஷுட் ப்ராப்பர்லி ஹேவ் பீன் டெஸ்டட்’ என்று முன்னால் இழுத்தால் பொருள் மாறி, ‘முறைப்படி பார்த்தால் சோதித்திருக்க வேண்டும்’ என்பது போல ஆகிவிடும்.

மூன்றாம் இடம் வாக்கியத்தின் கடைசி. குறிப்பிட்ட காலமும் இடமும் இங்கே வரும்: ‘டுமாரோ’, ‘அட் நைட்’, ‘இன் தி ஸ்டோர் ரூம்’. ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘எவ்ரி மார்னிங்’, ‘ட்வைஸ் எ டே’ ஆகியவையும் இங்கேதான். ‘ஆல்வேஸ்’, ‘யூஷுவலி’ ஆகியவை எத்தனை முறை என்பதைப் பொதுவாகச் சொல்பவை, அவை நடுவில் நிற்கும். ‘டெய்லி’ கணக்காகச் சொல்வது, அது கடைசிக்குப் போகும். ஆகவே உங்கள் முதல் வாக்கியம்: ‘தி ஃபில்டர் ஷுட் பி க்ளீன்ட் டெய்லி.’ நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தால், ‘தி ஃபில்டர் ஷுட் பி தரோலி க்ளீன்ட் டெய்லி.’

எப்படி என்று சொல்லும் சொல்லும் கடைசி இடத்துக்குப் போகலாம்: ‘மஸ்ட் பி க்ளோஸ்ட் கேர்ஃபுலி’ சரிதான். கடைசியில் வைத்தால் அழுத்தம் அந்தச் சொல்லுக்குக் கூடும். ஆனால் பின்னால் காலம், கருவி, ஆள் என்று நிறைய வரும்போது அதை நடுவில் வைத்துவிடுவதே தெளிவு. கடைசியில் பல சேரும்போது வரிசை இப்படி: எதைக்கொண்டு அல்லது எப்படி, யாரால், எங்கே, எப்போது. ‘தி ஃபில்டர் ஷுட் பி தரோலி க்ளீன்ட் வித் கம்ப்ரெஸ்ட் ஏர் பை தி ஆப்பரேட்டர் எவ்ரி மார்னிங்.’ காலத்தைக் கடைசியில் நிறுத்துவதில் மட்டும் உறுதியாக இருங்கள், மற்றவை கொஞ்சம் இடம் மாறினாலும் பாதகமில்லை.

ஒரே வினையடை இரண்டு இடங்களில் நின்று இரண்டு பொருள் தரும் வாக்கியங்களைப் படிப்பதுதான் இதற்குச் சிறந்த பயிற்சி. ‘தி லேபிள் மஸ்ட் ஹேவ் பீன் க்ளியர்லி ரிட்டன்’ என்றால், லேபிள் தெளிவான எழுத்தில் எழுதப்பட்டிருந்திருக்கும் என்ற ஊகம். ‘தி லேபிள் மஸ்ட் க்ளியர்லி ஹேவ் பீன் ரிட்டன் பை தி நைட் ஷிஃப்ட்’ என்றால், இரவு ஷிஃப்ட்தான் எழுதியிருக்கிறது என்பது வெளிப்படை. இங்கே எழுத்து கிறுக்கலாகக்கூட இருக்கலாம். ‘க்ளியர்லி’ முதல் வாக்கியத்தில் எழுத்தைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவதில் நம் முடிவைப் பற்றிப் பேசுகிறது.

‘சிம்ப்லி’ இன்னும் நுட்பமானது. ‘திஸ் நாய்ஸ் சிம்ப்லி கேனாட் பி இக்னோர்ட்’ என்றால், இந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யவே முடியாது. ‘திஸ் நாய்ஸ் கேனாட் சிம்ப்லி பி இக்னோர்ட்’ என்றால், சும்மா அலட்சியம் செய்துவிட்டுப் போக முடியாது, ஏதாவது செய்தாக வேண்டும். ‘நாட்’டுக்கு முன்னால் நிற்கும் வினையடை மறுப்பையே பலப்படுத்துகிறது. ‘நாட்’டுக்குப் பின்னால் நிற்கும் வினையடை, தானே மறுக்கப்படுகிறது. ‘ஆல்வேஸ்’ஸுக்கும் இது பொருந்தும்: ‘கேனாட் ஆல்வேஸ் பி ரிப்பேர்ட்’ என்றால் எல்லாச் சமயமும் பழுது நீக்க முடியாது, சில சமயம் முடியும். ஒருபோதும் முடியாது என்றால் ‘கேன் நெவர் பி ரிப்பேர்ட்’.

‘ப்ராபப்ளி’ சுருக்க வடிவத்தோடு சேரும்போது இடம் மாறும். ‘வில் ப்ராபப்ளி நாட் பி ரெடி’ சரி. ஆனால் ‘வோன்ட்’ என்று சுருக்கினால் ‘ப்ராபப்ளி வோன்ட் பி’ என்று முன்னால் போக வேண்டும், ‘வோன்ட் ப்ராபப்ளி பி’ வழக்கில் இல்லை. ‘மே’யோடு ‘ப்ராபப்ளி’ சேர்த்து ‘மே ப்ராபப்ளி பி டிலேட்’ என்று எழுதாதீர்கள். ‘மே’ ஒருவேளை என்கிறது, ‘ப்ராபப்ளி’ பெரும்பாலும் என்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். வாய்ப்பு அதிகம் என்று சொல்ல ‘மே வெல் பி டிலேட்’ என்ற தொடர் இருக்கிறது. துளியும் சாத்தியமில்லை என்பதற்கு ‘கான்ட் பாஸிப்ளி ஹேவ் பீன்’.

பராமரிப்பு வேலையில் ஒரு சொல்லிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: ‘ஹார்ட்லி’. இறுக்கமாகத் திருக வேண்டும் என்று நினைத்து ‘தி போல்ட் மஸ்ட் பி ஹார்ட்லி டைட்டன்ட்’ என்று எழுதினால், போல்ட்டை ஏறக்குறைய முறுக்காமலேயே விட வேண்டும் என்றாகிவிடும். ‘ஹார்ட்’டுக்கு வினையடையும் ‘ஹார்ட்’தான். ‘ஹார்ட்லி’ என்பது அநேகமாக இல்லை என்ற பொருளுடைய வேறு சொல். நீங்கள் வேண்டுவது ‘மஸ்ட் பி ஃபர்ம்லி டைட்டன்ட்’. அதைவிட நல்லது, எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று எண்ணைக் குறிப்பிடுவது. ‘ஹார்ட்லி’ ஏற்கெனவே எதிர்மறை என்பதால் அதோடு ‘நாட்’ சேராது: ‘தி அலாரம் கேன் ஹார்ட்லி பி ஹெர்ட்’ என்றாலே சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று ஆகிவிட்டது.

நான்காவது வாக்கியத்தில் ‘ஒன்லி’. தமிழில் ‘மட்டும்’ தான் சாரும் சொல்லுக்குப் பின்னால் வரும்: மேற்பார்வையாளர் மட்டும். ஆங்கில ‘ஒன்லி’ வழக்கமாகத் தான் சாரும் சொல்லுக்கு முன்னால் வரும். ‘திஸ் வால்வ் ஒன்லி’ என்று நீங்கள் எழுதியதைப் படிப்பவர், ‘இந்த வால்வை மட்டும்தான் மேற்பார்வையாளர் திறக்கலாம், மற்ற வால்வுகளை அவர் தொடக் கூடாது’ என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘திஸ் வால்வ் கேன் ஒன்லி பி ஓப்பன்ட் பை தி சூப்பர்வைசர்’ என்பது பரவலாக எழுதப்படுவது, தவறில்லை. என் பரிந்துரை, ‘ஒன்லி’யை அது கட்டுப்படுத்தும் சொல்லுக்கு ஒட்டியே வைப்பது: ‘ஓப்பன்ட் ஒன்லி பை தி சூப்பர்வைசர்’.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ‘கேன்’ பொருத்தமில்லை. ‘கேன்’ என்பது முடியுமா என்பதைச் சொல்கிறது. வால்வை யாராலும் திருக முடியும், யாருக்கு அனுமதி என்பதுதான் இங்கே செய்தி. ‘திஸ் வால்வ் மஸ்ட் பி ஓப்பன்ட் ஒன்லி பை தி சூப்பர்வைசர்’ என்று எழுதலாம். இன்னும் நேராக, ‘ஒன்லி தி சூப்பர்வைசர் மே ஓப்பன் திஸ் வால்வ்’ என்று செய்வினையில் எழுதலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

மோடல் தேர்வில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். தொழில்நுட்ப ஆவணங்களில் இந்தச் சொற்களுக்கு வரையறுத்த பொருள் உண்டு. ஐஎஸ்ஓ தரநிலைகளில் ‘ஷால்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் சாத்தியம். இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு 1997-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணமும் ஏறக்குறைய இப்படியே வரையறுக்கிறது. ‘மஸ்ட்’, ‘ஷால்’ இரண்டும் அங்கே முழுக் கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவை எடைபோட்டுப் பார்த்து விலகலாம். ஆகவே பாதுகாப்புக் குறிப்பில் மரியாதைக்காக ‘ஷுட்’ போடாதீர்கள். தணிக்கைக்கு வருபவர் அதைக் கட்டாயமில்லை என்று படிப்பார். உங்கள் நிறுவனத்தின் ஆவணங்கள் எந்த வழக்கைப் பின்பற்றுகின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதையே எல்லா இடத்திலும் கடைப்பிடியுங்கள்.

மூன்றாவது வாக்கியம், ‘தி ஒர்க் வில் கம்ப்ளீட் டுமாரோ’. இதில் செயப்பாட்டுவினை வர வேண்டிய இடத்தில் வரவில்லை. தமிழில் பல வினைகள் ஜோடியாக இருக்கின்றன: முடியும், முடிப்போம், உடையும், உடைப்போம், சேரும், சேர்ப்போம். ‘வேலை நாளைக்கு முடியும்’ என்று தன்வினையில் இயல்பாகச் சொல்லிவிடலாம். ‘கம்ப்ளீட்’ என்பது ‘முடிப்போம்’ என்பதற்கு மட்டுமே இணை, ‘முடியும்’ என்பதற்கு இல்லை. அதனால் ‘தி ஒர்க் வில் பி கம்ப்ளீட்டட் டுமாரோ’ என்று ஆக வேண்டும். ‘ரிப்பேர்’, ‘க்ளீன்’, ‘ரீப்ளேஸ்’, ‘இன்ஸ்டால்’, ‘அப்ரூவ்’ எல்லாம் இந்த வகையில் சேரும். ‘ஓப்பன்’, ‘க்ளோஸ்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’, ‘ப்ரேக்’, ‘சேஞ்ச்’ ஆகியவை இரண்டு பக்கமும் ஓடும். ‘தி பம்ப் வில் ஸ்டாப்’ என்றால் தானாக நிற்கும், ‘தி பம்ப் வில் பி ஸ்டாப்ட்’ என்றால் யாரோ நிறுத்துவார்கள். பராமரிப்பு அறிக்கையில் இந்த வேறுபாடு முக்கியம்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ‘ஹேப்பன்’, ‘அக்கர்’, ‘அரைவ்’, ‘அப்பியர்’, ‘ரிமெய்ன்’, ‘கன்சிஸ்ட் ஆஃப்’ போன்றவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது, ஆகவே செயப்பாட்டுவினையும் கிடையாது. ‘தி லீக் மே பி ஹேப்பன்ட் அகெய்ன்’ தவறு, ‘தி லீக் மே ஹேப்பன் அகெய்ன்’ சரி. சோதித்துப் பார்க்க எளிய வழி, அந்த வினையோடு ‘எதை’ என்று கேட்பது. ‘எதை முடிப்பது’ என்று கேட்க முடிகிறது, ‘பி’ சேரும். ‘எதை நிகழ்வது’ என்று கேட்க முடியவில்லை, ‘பி’ சேராது.

முன்னிடைச் சொல்லோடு வரும் வினைகளைச் செயப்பாட்டுவினையாக்கும்போது அந்தச் சொல்லை உதிர்த்துவிடாதீர்கள்: ‘தி கம்ப்ளெய்ன்ட் மஸ்ட் பி டெல்ட் வித் இமீடியட்லி.’ ‘வித்’ நிற்க வேண்டும், ‘டெல்ட் வித்’ இரண்டுக்கும் நடுவே வினையடையை நுழைக்காமல் இருப்பது நல்லது.

அழுத்தத்துக்காக எதிர்மறைத் தொடரை வாக்கியத்தின் முதலில் வைத்தால் மோடல் எழுவாய்க்கு முன்னால் தாவும்: ‘அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் மஸ்ட் தி கார்ட் பி ரிமூவ்ட்.’ எந்த நிலையிலும் பாதுகாப்பு மூடியைக் கழற்றக் கூடாது என்று பொருள். ‘ஒன்லி தென் கேன் தி பவர் பி ஸ்விட்ச்ட் ஆன்’ என்பதும் அப்படித்தான். ‘தி கார்ட் மஸ்ட்’ என்று பழைய வரிசையிலேயே விட்டால் பிழை.

செயப்பாட்டுவினையை எங்கே விட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்’ என்று ஆளைக் குறிப்பிடாமலே செய்வினையில் முடித்துவிடுகிறோம். கட்டளை தவிர மற்ற ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம் என்பதால், ஆளைச் சொல்ல விருப்பமில்லாதபோது செயப்பாட்டுவினை கைகொடுக்கிறது. அறிக்கைக்கு அது பொருத்தம். ஆப்பரேட்டர் கையில் கொடுக்கும் வேலைக் குறிப்புக்கு அது தேவையில்லை. அங்கே ‘க்ளீன் தி ஃபில்டர் டெய்லி’ என்று கட்டளையாக எழுதினால் போதும். மோடலும் இல்லை, ‘பி’யும் இல்லை, பிழை நுழையவும் இடமில்லை. ஒரு வேலையை இருவரில் யார் செய்வது என்ற கேள்வி எழும் இடத்தில் செயப்பாட்டுவினையை எழுதவே கூடாது. ‘தி வால்வ் ஷுட் பி செக்ட்’ என்று எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

‘பை’யில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. ‘பை தி கான்ட்ராக்டர்’ என்றால் ஒப்பந்தக்காரரால், ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். ‘தி மோட்டார் வில் ஹேவ் பீன் ரிப்பேர்ட் பை தி கான்ட்ராக்டர் பை ஃப்ரைடே’ என்று இரண்டும் அடுத்தடுத்து வந்தால் படிக்க இடைஞ்சல். ‘தி கான்ட்ராக்டர் வில் ஹேவ் ரிப்பேர்ட் தி மோட்டார் பை ஃப்ரைடே’ என்று செய்வினைக்குத் திருப்பிவிடுங்கள்.

பயிற்சிக்கு உங்கள் பழைய அறிக்கைகளில் மோடல் வரும் பத்து வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘இருக்க வேண்டும்’, ‘இருக்கலாம்’ என்று முடிந்தால் நின்று, நடந்ததா, நடக்கவில்லையா, தெரியவில்லையா என்று கேளுங்கள். அந்த விடைக்கு ஏற்ற மோடலை எடுங்கள். பிறகு வினையைப் பின்னாலிருந்து பிரித்துத் துண்டுகளை வரிசைப்படுத்துங்கள். வினையடையை மட்டும் கடைசியாகச் சேருங்கள். அதைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று இடங்களிலும் வைத்துப் படித்தால், எந்த இடத்தில் பொருள் மாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு இடம் பொருந்துகிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை எனக்கு அனுப்புங்கள். அப்படிப்பட்ட வாக்கியங்களுக்குப் பொது விதி போதாது. சொல்ல வந்த செய்தி என்ன என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.